ஐந்தாவது வேட்டு

காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்கு வருகிற வழியில், சாலைக்கு இடது கைப்பக்கம், முள்கம்பி வேலி போட்ட பழைய பங்களா ஒன்று இருந்தது. வாசலில் பெரிய பலகை. அதில் ஒன்றும் எழுதியிருக்காது. மழையில் அழிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ரகசிய அலுவலகம் என்பதால் பெயர் எழுதக் கூடாது, அரசாங்க அலுவலகம் என்பதால் பலகை இல்லாமல் இருக்கவும் கூடாது. இரண்டு விதிக்கும் மரியாதை கொடுத்து வெறும் பலகையை நட்டிருந்தார்கள். வருஷத்துக்கொரு தரம் பெயிண்டர் வந்து பழைய வெள்ளையைச் சுரண்டிப் புது வெள்ளை அடிப்பார். எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்று ஓர் அதிகாரி சரிபார்த்த பிறகு கூலி வாங்கிக்கொண்டு போவார்.

சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பேரில்லாத ஆபீஸ் என்று பெயர். பஸ் கண்டக்டர் அப்படித்தான் கூவி ஆளை இறக்குவார். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பதும் எதிரே இருந்த டீக்கடைக்குத் தெரியும். எதிரி நாட்டை மேலேயிருந்து வேவு பார்க்க, யார் கண்ணிலும் படாத அதிவேக விமானம் நல்லதா, பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோள் நல்லதா என்று ஆராய்ந்து முடிவு சொல்லவேண்டிய கமிட்டி அது. எண்பத்தொன்றில் ஆறு மாதத்துக்கு என்று வந்தார்கள். எண்பத்தாறிலும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே நஞ்சப்பன் ஒரே ஒரு கேள்வியோடு போனார். அந்தக் கேள்வி என்ன என்பதைச் சொல்ல, முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நஞ்சப்பன் இண்டூர்ப் பக்கத்துக்காரர். கிணற்றுக்கு வெடி வைப்பது தொழில். நம் பக்கத்தில் மண் என்பது பாறைக்கு மேலே போர்த்திய துணி மாதிரி. கொஞ்சம் தோண்டினால் கல் வந்துவிடும். அப்புறம் கல்லில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்திவிட்டு, எல்லோரும் மேலே ஏறி ஓடிவந்து தூரத்தில் நிற்க வேண்டும். நின்று வேட்டுகளை எண்ண வேண்டும். எத்தனை குழியோ அத்தனை வேட்டு. ஒன்று குறைந்தால் ஒரு குழி வெடிக்காமல் உள்ளே காத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் இறங்க மாட்டார்கள்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. வெடி வைத்தவர் குழிக்கு ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கையை நீட்டி நிற்பார். ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு கல்லைக் கீழே விடுவார். கடைசிக் கல்லும் விழுந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டுவார். அந்த விரித்த கைதான் உத்தரவு. வாய்ப்பேச்சை யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோருக்கும் காது அடைத்துப் போயிருக்கும்.

அந்த வருஷம் சித்திரையில், நன்றாக வெயில் ஏறிய ஒரு காலையில், வெங்கடாசலம் என்பவருடைய கிணற்றில் ஐந்து குழி போட்டார்கள். நஞ்சப்பன் கை நீட்டி நின்றார். பக்கத்தில் அவருடைய தங்கை மாதம்மாளின் கணவன் கோவிந்தன், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். வேட்டு ஒன்று போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு. கொஞ்சம் தாமதித்து ஐந்தாவது. நஞ்சப்பன் கையை விரித்தார். கோவிந்தன் சிரித்துக்கொண்டே இறங்கினான். கீழே போய் அவன் கடப்பாரையை முதல் தடவை ஓங்கிக் குத்தியபோது கிணறு மறுபடியும் வெடித்தது.

ஐந்து குழி போட்ட கிணற்றில் ஆறாவது வேட்டு எப்படி வந்தது? இதுதான் நஞ்சப்பனின் கேள்வி.

காரியம் முடிந்த அன்றுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. கிணற்று வேட்டு காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வரும். உள்ளங்கால் அதிரும். அன்றைக்கு நான்கு தடவை உள்ளங்கால் அதிர்ந்தது. ஐந்தாவது காலுக்கு வரவில்லை, உச்சந்தலையில் வந்து இறங்கியது. அது கிணற்றுச் சத்தம் இல்லை. வானத்திலிருந்து வந்த சத்தம். ஆனால் அண்ணாந்து பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது, அப்போது மேலே காக்கைகூட இல்லை.

அன்றிலிருந்து நஞ்சப்பன் நடமாடினாரே ஒழிய அந்தக் கிணற்று மேட்டை விட்டு வரவில்லை. எங்கேயாவது கதவு சாத்தினால் கால் அதிர்ந்ததா தலை அதிர்ந்ததா என்று யோசித்துக்கொண்டு நிற்பார். சாப்பிட உட்கார்ந்தால் கையை விரிக்க வராது. மூடிய கையோடு சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாதம்மாள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. அவர் தெருமுனையில் தலைகாட்டினால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

அஜாக்கிரதையாக வெடி வைத்தார் என்று போலீஸ் வழக்கு எழுதியது. ஒரு சத்தம் எங்களுடையது இல்லை, அது வானத்துச் சத்தம் என்று நஞ்சப்பன் சொன்னதையும் வேடிக்கைக்காகச் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். வேடிக்கைக்கு எழுதிய அந்த வரி எங்கெங்கோ போய், ஒரு நாள் ஜீப்பாகத் திரும்பி வந்தது. நஞ்சப்பன் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். தன் பேச்சையும் நம்புகிற ஆட்கள் நாட்டில் இருக்கிறார்கள் என்று வழியெல்லாம் அவருக்குக் கண் கலங்கியது.

பேரில்லாத ஆபீசில் இரண்டு பிரிவுகள் இருந்தன. கிழக்கே விமானப் பிரிவு, மேற்கே கோள் பிரிவு. ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதால் நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். டீ வாங்கும் கூஜாகூட இரண்டு. கிழக்கே எத்தனை டீ போகிறது என்று தெரிந்தால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மேற்கே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், விமானப் பிரிவு தினமும் தேவைக்கு அதிகமாக டீ வாங்கி மல்லிகைச் செடிக்கு ஊற்றியது.

அதிகாரிகள் யாருக்கும் தமிழ் தெரியாது. எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த ஜமீர் உருது பேசுகிற வீட்டுக்காரர் என்பதால், அவர்கள் பேசும் இந்திக்கும் நஞ்சப்பனின் தமிழுக்கும் நடுவில் அவரை உட்கார வைத்தார்கள். கேட்பதையெல்லாம் உடனே மறந்துவிட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஜமீர் நஞ்சப்பனின் காதோடு சொன்னார், “அண்ணா, நான் இங்க இல்ல. நீங்களும் இல்ல. அப்புடி நெனச்சுக்கிட்டா சுளுவா இருக்கும்.”

நடுக்கூடத்தில் கமிட்டித் தலைவர் உட்கார்ந்திருந்தார். முதலில் கோள் பிரிவு அதிகாரி எழுந்தார். வேவு பார்க்கிறவன் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. செயற்கைக்கோள் சத்தம் போடாது, சம்பளம் கேட்காது, சுட்டு வீழ்த்தினாலும் அதற்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. விமானமோ ஒலியைவிட மும்மடங்கு வேகத்தில் போய், போன இடமெல்லாம் வானத்தையே கிழிக்கிறது. “திருட வந்தவன் தண்டோரா போட்டுக்கொண்டா வருவான்?” என்று கேட்டுவிட்டு நஞ்சப்பனைக் கைகாட்டினார். இதோ, அந்தத் தண்டோராவைக் கேட்ட சாட்சி.

நஞ்சப்பன் எழுந்து கும்பிட்டார். அப்படியென்றால் அன்றைக்குச் சத்தம் வந்தது உண்மைதானே என்று கேட்டார். ஜமீர் அதை மொழிபெயர்ப்பதற்குள் விமானப் பிரிவு அதிகாரி குறுக்கிட்டார். சாட்சியின் காதைச் சோதிக்க வேண்டும், அது விதி.

நஞ்சப்பனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, கையில் கூழாங்கல் கொடுத்தார்கள். இதற்கென்றே ஆற்றிலிருந்து தருவித்து, கழுவி, எடை போட்டு வைத்த கற்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு சிப்பந்தி தார் டிரம்மை உருட்டினான். இன்னொருவன் காற்றடைத்த காகிதப் பையை உடைத்தான். மூன்றாமவன் பலகையைக் கீழே போட்டான். ஒவ்வொன்றும் வேட்டுதானா என்று கேட்டார்கள். ஒவ்வொன்றும் வேட்டுதான் நஞ்சப்பனுக்கு. தார் டிரம் உருண்டபோது அவருக்குக் கோவிந்தன் தலையில் கட்டியிருந்த துண்டு தெரிந்தது. பலகை விழுந்தபோது கை தானாக விரிந்து கல்லெல்லாம் ஒன்றாகக் கீழே கொட்டியது. பிறகு அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். சாட்சி ஒத்துழைக்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

விமானப் பிரிவு அதிகாரி இப்போது மிகுந்த உற்சாகத்தோடு பேச ஆரம்பித்தார். விமானம் ரகசியம் என்பதால், தாம் பேசப்போகிற பொருள் இல்லாத பொருள் என்பதைக் குறிப்பில் முதலில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏற்றினார்கள். பிறகு அந்த இல்லாத பொருளின் பெருமையைச் சொன்னார். கோள் வருகிற நேரம் பஞ்சாங்கம் மாதிரி எதிரிக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நேரத்துக்குப் பீரங்கிமேல் வைக்கோலைப் போட்டு மூடிவிட்டுப் படுத்துக்கொள்வான். மேகம் வந்தாலும் கோளுக்குக் கண் அவிந்து போகும். இல்லாத பொருளோ நினைத்த நேரத்தில் போகும், நினைத்த இடத்தில் எடுக்கும். சத்தம் போடுகிறதா? போடட்டும்.

“இந்த மனிதர் பிறந்ததிலிருந்து வெடிச்சத்தத்திலேயே வாழ்கிறவர்” என்றார் அவர். “இவரே அந்தச் சத்தத்தைக் கேட்டு, தன் கிணற்றுக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். இதைவிடச் சிறந்த மறைப்பு உலகில் எந்த நாட்டிடம் இருக்கிறது? இது எங்கள் பிரிவின் மிகப்பெரிய வெற்றி. அவர் எண்ணியதற்காக நாங்கள் நன்றி சொல்கிறோம்.”

எழுந்துவந்து நஞ்சப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல் இருந்த அதே கை. கிணறு வெட்டும் நேரமாகப் பார்த்து இனி விமானத்தை அனுப்பலாம் என்றும், எல்லையோர மாவட்டங்களில் போதுமான கிணறுகள் வெடிக்கின்றனவா என்று கணக்கெடுக்கலாம் என்றும் யோசனை சொன்னார். தலைவர் இது வேளாண்மைக்கும் நல்லது என்றார்.

ஜமீர் இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சொல்லாமல் நிறுத்திவிட்டு, “பெருசா ஒண்ணுமில்லண்ணா, உங்களப் பாராட்டுறாரு” என்று மட்டும் சொன்னார்.

கோள் பிரிவு விடவில்லை. விமானம் எடுத்ததை நாங்களும் எடுப்போம் என்று ஒரு படத்தை மேசையில் வைத்தார்கள். சாம்பல் நிறக் கட்டங்கள். அதில் ஒரு கட்டத்தைக் காட்டி இதுதான் உன் ஊர் என்றார்கள். கிணறு எங்கே என்று நஞ்சப்பன் கேட்டார். கிணறு அதற்குள்தான் இருக்கிறது, ஊரும் அதற்குள் இருக்கிறது, பார்க்கப்போனால் பக்கத்து ஊரும் அதற்குள்தான் இருக்கிறது என்று அதிகாரி விளக்கினார். பதினைந்து வருஷத்தில் கிணறு தெரிந்துவிடும். அதுவரை எதிரி பொறுத்திருக்க வேண்டும்.

விமானப் பிரிவு அதிகாரி சிரித்தார். சிரித்தபடியே பூட்டிய பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். “எடுக்கப்படாத இந்தப் படத்தைப் பாருங்கள்” என்று கமிட்டியின் முன்னால் வைத்தார். பூதக்கண்ணாடியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, நஞ்சப்பனையும் கிட்டே வரச்சொன்னார்.

நஞ்சப்பன் குனிந்தார்.

வெங்கடாசலத்தின் கிணறு, வாயைத் திறந்துகொண்டு கறுப்பாக இருந்தது. அதிலிருந்து வெளுப்பாகப் புழுதி எழுந்துகொண்டிருந்தது. தள்ளி, வரப்போரம், எறும்பளவில் ஆட்கள். ஒருவன் தோளில் ஊசிபோல ஒன்று, தரையில் அதன் நிழல். அது கடப்பாரை. அவன் பக்கத்தில் இன்னொரு ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கண்ணாடியை இன்னும் இறக்கிப் பாருங்கள் என்றார் அதிகாரி. அந்தக் கை மூடியிருந்தது. விரல் மூடியிருப்பதுகூடத் தெரிகிறது பாருங்கள் என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

இந்தப் படத்தின் மகிமை என்னவென்றால், என்று அவர் சொன்னதை ஜமீர் தடுமாறித் தமிழாக்கினார். விமானம் தன் சத்தத்தைவிட வேகமாகப் போகிறது. படம் எடுத்து முடித்துப் போன பிறகுதான் சத்தம் தரைக்கு வந்து சேரும். இந்தப் படத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல்தான் கேட்கப்போகிறது.

நஞ்சப்பனுக்குக் கூடத்தில் இருந்த ஆட்கள் மறைந்துபோனார்கள். கோவிந்தன் உயிரோடு நின்றான். கடைசிக் கல் கைக்குள்ளேயே இருந்தது. சத்தம் அங்கே மேலே, வந்துகொண்டிருந்தது. அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், அந்தாள்கிட்ட சொல்லுங்க” என்றார். “கையத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க.”

 சாட்சி என்ன சொல்கிறார் என்று தலைவர் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

“படம் நல்லா இருக்குன்னு சொல்றாருங்க” என்று ஜமீர் இந்தியில் சொல்லிவிட்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொழில் தெரிந்த பொதுமக்களில் ஒருவர் படத்தைப் பாராட்டினார் என்று குறிப்பில் ஏறியது. படத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் முடிவைப் படித்தார். விமானமும் வேண்டும், கோளும் வேண்டும். கோள் பார்த்தது சரிதானா என்று போய்ப் பார்க்க விமானம் தேவை. விமானம் ரகசியமாகப் போகிறதா என்று மேலேயிருந்து கண்காணிக்கக் கோள் தேவை. இரண்டில் எது அதிகம் தேவை என்று ஆராய இந்தக் கமிட்டி தேவை. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

நஞ்சப்பன் எழுந்து நின்றார். தனக்குப் படம் வேண்டாம், பாராட்டும் வேண்டாம் என்றார். “அன்னிக்கி மேல இருந்து சத்தம் வந்துச்சா இல்லியா, அத ஒரு வார்த்த சொல்லுங்க சாமி. என் தங்கச்சி என் மூஞ்சிய பாக்கறதில்லீங்க. அவகிட்ட போய் சொல்லிப்புடறேன். வேற ஒண்ணும் வேணாம்.”

தலைவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பொறுமையாகவே பதில் சொன்னார். விமானம் இல்லை. இல்லாத விமானத்துக்குச் சத்தம் இருக்க முடியாது. கோளுக்குச் சத்தமே கிடையாது. ஆகவே வானத்தில் சத்தம் இல்லை. மிச்சம் இருப்பது சாட்சி எண்ணியது மட்டும்தான். “நாட்டின் பாதுகாப்பைப் பொறுத்தவரை இவர் எண்ணியது சரி. கிணற்றைப் பொறுத்தவரை தவறு. முதலாவதற்காக நாம் இவரைப் பாராட்டுகிறோம். இரண்டாவதற்காக இவருடைய வெடி லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது.”

புறப்படும் முன் ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். தான் எந்தச் சத்தமும் கேட்கவில்லை, இனிமேல் கேட்டாலும் கேட்காது, அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒன்றும் இல்லை. இதை வெளியே பேசினால் ஜெயில். ஜமீர் வாசித்துக்காட்ட, நஞ்சப்பன் கைநாட்டு வைத்தார். மை ஒட்டிய விரலோடு பஸ்ஸுக்கு நின்றபோது ஜமீரும் கடையைத் திறக்காமல் அவர் பக்கத்திலேயே நின்றார்.  

அதற்கப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெடிச்சத்தம் நின்றுபோயிற்று. அக்கம்பக்கத்தில் லைசென்ஸ் இருந்த ஒரே ஆள் நஞ்சப்பன்தான். கிணறுகள் பாதியில் கிடந்தன. அவரும் வேலையில்லாமல், காலையில் எழுந்தால் தங்கை வீட்டுக்கு எதிரே போய், துவைக்கிற கல்லின்மேல் குந்திக்கொள்வார். அவள் கதவைச் சாத்துவாள். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். உண்மை நெஞ்சுக்குள்ளே ஒரு வெடிக்காத குழியாக இருந்தது. சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் இந்தக் கதவு. உண்மையைச் சொன்னால் ஜெயிலுக்குப் போகலாம்தான், ஆனால் வானத்துச் சத்தம் என்று சொன்னால் மாதம்மாள் நம்ப வேண்டுமே. போலீஸ் ஸ்டேஷனே சிரித்த கதை அது.

ஐப்பசியில் ஒரு நாள் மழை விட்டு, வானம் துடைத்த மாதிரி இருந்தது. விமானப் பிரிவின் யோசனை டெல்லியில் ஏற்கப்பட்டு, கிணறு வெட்டுகிற நேரமாகப் பார்த்துத்தான் அன்றைக்கும் விமானத்தை அனுப்பியிருந்தார்கள். வெடி வைக்கிறவரின் லைசென்ஸை மேற்படி கமிட்டியே பிடுங்கிவிட்டது என்பதை டெல்லிக்கு யாரும் சொல்லவில்லை.

சத்தம் வந்தது. கூரை ஓடுகள் கடகடவென்று ஆடின. உள்ளே அலமாரிப் பாத்திரம் உருண்டு விழுந்தது. கோழிகள் சிதறி ஓடின. நஞ்சப்பனின் உள்ளங்கால் அசையவில்லை. உச்சந்தலையிலிருந்து மார்புக்கு இறங்கியது அது. அதே சத்தம். அவர் கை தானாக விரிந்தது.

கதவு திறந்தது. மாதம்மாள் வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். அவருடைய விரித்த கையைப் பார்த்தாள். ஆறு மாதம் கழித்து வாயைத் திறந்தாள்.

“நீ இங்க குந்தியிருக்கிற. அப்ப வெடி வெச்சது யாரு?”

  நஞ்சப்பன், கைநாட்டு வைத்த அந்த விரலைத் தூக்கி மேலே காட்டினார்.

மாதம்மாள் வாசலை விட்டு இறங்கி, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“அங்க ஒண்ணுமே இல்லியேண்ணா.”

“ஆமா சாமி” என்றார் நஞ்சப்பன். “அப்புடித்தான் எங்கிட்ட எழுதி வாங்கிக்கிட்டாங்க.”

அவள் வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். நஞ்சப்பன் கல்லிலிருந்து இறங்கிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கதவு திறந்தே கிடந்தது.